விடியப்புறம் அரை மணித்தியாலம்: ஆபிரிக்க நத்தையைச் செண்பகத்திடம் காட்டிக்கொடுப்பது

ஐப்பசி மழை இறங்கி மூன்றாம் நாள் விடியப்புறம் வளவை ஒருதரம் சுற்றி வந்தால் ஆபிரிக்க நத்தை எங்கெங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பப்பாசித் தண்டு, கிணற்றுக் கட்டு, குசினிச் சுவர், வாழையடி, நாய்க்குச் சோறு வைக்கும் கோப்பை. ஆறேகாலுக்குக் கண்டவை ஏழரைக்கு இல்லை. வெயில் ஏறமுன்னம் கிடுகுக் குவியலுக்குள்ளும் கல் அடுக்குக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும். செண்பகம் (செம்போத்து என்றும் சொல்லும் பறவை) வேலியால் இறங்கி நடக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

வன்னியில் இந்த நத்தையைத் தின்னக்கூடிய பறவைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டும் சந்திக்கிற நேரத்துக்குத்தான் பஞ்சம். நத்தை இரவில் மேயும், பறவை பகலில் மேயும். விடியலில் ஒரு அரை மணித்தியாலமும், மூடாப்பும் தூறலுமான நாளென்றால் இன்னும் கொஞ்சமும்தான் இரண்டுக்கும் பொதுவானது. கீழே வரும் வேலைகள் எல்லாம் அந்த நேரத்தை நீட்டுவதற்கும், அந்த நேரத்தில் நத்தை வெளியில் நிற்கும்படி செய்வதற்குமே. தீனி போட்டுப் பறவையை அழைக்கத் தேவையில்லை.

பறவையை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. வளர்ந்த நத்தையின் ஓடு தடிப்பானது. பெரும்பாலான பறவைகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். அவை எடுப்பது குஞ்சையும் நடுத்தரத்தையும். முட்டை போடுவதோ பெரியது. ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை, வருடத்தில் பல தடவை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் இணை சேர்ந்தபின் இரண்டுமே முட்டையிடலாம். 1966இல் மியாமியில் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து 3 நத்தையைக் கொண்டுவந்தான். அவற்றை ஒழித்து முடிக்க 1975 வரை பிடித்தது, பொறுக்கியது 18,000க்கு மேல். ஆகவே பெரியது உங்கள் பங்கு, சின்னது பறவையின் பங்கு. இந்தப் பங்கீடு குழம்பினால் எதுவும் சரிவராது.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

கிழக்கு ஆபிரிக்காதான் இதன் ஊர். 1847இல் மொரிசியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது, 1900 அளவில் இலங்கைக்கு. வந்தேறியைக் கொல்லும் அவசரத்தில் ஊர் நத்தையையும் சேர்த்து நசுக்குவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. இலங்கையில் ஏறக்குறைய 250 வகை நில நத்தைகள் இருக்கின்றன, அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு வேறெந்த நாட்டிலும் இல்லாதவை.

பெரிதாக வளர்ந்த ஆபிரிக்க நத்தையை யாரும் பிழையாகச் சொல்லமாட்டார்கள்: உயரமான கூம்பு, வெளிறிய நிறத்தில் மேலிருந்து கீழாகக் கபிலக் கோடுகள், 5 முதல் 10 சென்ரிமீற்றர், சில வேளை அதற்கும் மேல். குஞ்சில்தான் குழப்பம் வரும். அதற்கு ஒரு வழி உண்டு. ஓட்டின் கூர் மேலே நிற்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாயின் உட்பக்கமாக ஓட்டின் நடுத்தூண் இறங்கி வருவது தெரியும். ஆபிரிக்க நத்தையில் அந்தத் தூண் வாயின் அடி விளிம்போடு வழுக்கிக்கொண்டு சேராது. கத்தியால் நறுக்கியதுபோலச் சட்டென்று முடிந்து, ஒரு சிறு வெட்டு விடும். நகமளவு குஞ்சிலும் இது இருக்கும், ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

எங்கள் பக்கத்துப் பற்றைகளில் காணும் ஊர் நத்தைகளில் பல தட்டையாக, சுருட்டி வைத்த கயிறுபோல இருக்கும். சிலவற்றில் ஓட்டைச் சுற்றிக் கடும் கபிலப் பட்டி ஓடும். அவற்றை விட்டுவிடுங்கள். வயல் நத்தை உருண்டையானது, வாயை அடைக்கக் கெட்டியான மூடி வைத்திருக்கும். ஆபிரிக்க நத்தைக்கு மூடி கிடையாது. கோடையில் மட்டும் காய்ந்த கடதாசிபோல ஒரு வெள்ளைச் சவ்வால் வாயை அடைத்துக்கொண்டு உறங்கும்.

யார் தின்கிறார்கள்

முதல் ஆள் செண்பகம். பறப்பதில் சோம்பேறி, நடப்பதில் கெட்டிக்காரன். தமிழ்நாட்டில் செய்த ஆய்வொன்றில் அதன் உணவில் பெரும்பகுதி நில நத்தையாக இருந்தது. பற்றைக்குள் இருந்து இறங்கி, வேலியோரமாக நாலு அடி நடந்து, நின்று, இலையைப் புரட்டி, திரும்ப நடக்கும். இந்த நடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வேலியைத் திருத்தும்போது உதவும்.

காகம் இரண்டாவது. தூக்கிக்கொண்டு போய் மதிலிலோ கூரையிலோ வைத்துக் கொத்தும். காகத்தைக் கூட்ட எதுவும் செய்யாதீர்கள், அது கூடினால் மற்றக் குருவிகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. ஆறுமணிக் குருவி மாரியோடு வந்து பங்குனி, சித்திரை அளவில் திரும்பும் விருந்தாளி. நத்தையைக் கல்லிலோ வேரிலோ அடித்து உடைத்துத் தின்பது அந்தக் குடும்பத்துப் பறவைகள் பலவற்றின் வழக்கம். வாய்க்கால் பக்கமென்றால் கானாங்கோழி குஞ்சு நத்தையைப் பொறுக்கும். மயிலும் பொறுக்கும், கூடவே உங்கள் பயற்றையும் பொறுக்கும். அதை நத்தைக்காக வரவேற்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

பறவை அல்லாத ஒரு கூட்டாளியையும் சொல்லவேண்டும். இலங்கையின் பெரிய மின்மினி இனம் ஒன்றின் புழு ஆபிரிக்க நத்தையைத் தின்னும். கறுத்த, தட்டையான, தகடு தகடாக அடுக்கிய உடம்பு, வாலில் பச்சை வெளிச்சம். இரவில் நத்தை பொறுக்கும்போது ஓட்டுக்குள் தலையை விட்டபடி இப்படி ஒன்றைக் கண்டால் நத்தையோடு சேர்த்து வாளிக்குள் போடாமல் அங்கேயே விடுங்கள்.

வேலி: மேலே அடர்த்தி, கீழே வெளிச்சம்

இங்கேதான் சிக்கல். செண்பகத்துக்கு ஒதுங்கவும் கூடு கட்டவும் அடர்ந்த பற்றை வேண்டும். அதே பற்றையின் ஈர அடியில்தான் நத்தையும் பகலைக் கழிக்கும். நத்தைக்குப் பயந்து வேலியை மொட்டையாக வெட்டினால் செண்பகம் போய்விடும், நத்தை கல் அடுக்குக்கு இடம் மாறும். வெட்டாமல் விட்டால் நத்தைக்கு மாளிகை.

வேலியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம்வரை பக்கக் கிளைகளையும் கொடிகளையும் நறுக்கி, அடியில் சேர்ந்த சருகை முழுவதும் கூட்டி எடுங்கள். கிளுவை, பூவரசு வேலியென்றால் கதியால் தெரியவேண்டும். அதற்கு மேலே 4, 5 அடிக்குக் கைவைக்காதீர்கள், கொடி பின்னிக் கிடக்கட்டும். கூட்டிய சருகை வேலியோரத்தில் குவித்தால் வேலை வீண். உடனே கூட்டெருக் கிடங்கில் போட்டு மூடுங்கள், அல்லது வாழைக்கு வெட்டிய குழியில் தாழுங்கள்.

அடுத்தது, வேலிக்கும் முதல் பாத்திக்கும் நடுவில் 3 அடி அகலத்துக்கு வெறும் மண். புல் வேண்டாம், மூடாக்கு வேண்டாம், கிழமைக்கு ஒருதரம் வாரியால் கீறிவிட்டால் போதும். இந்தக் கீற்று மண்ணுக்கு மூன்று வேலை. பாத்தியில் மேய்ந்துவிட்டு வேலிக்குத் திரும்பும் நத்தை விடியலில் இதைக் கடந்தே ஆகவேண்டும். வறண்ட மண்ணில் அது மெதுவாகத்தான் ஊரும். செண்பகம் நடக்கும் பாதையும் அதுவே. மூன்றாவது உங்களுக்கு: கீறிய மண்ணில் நத்தை போன தடம் வெள்ளிக் கோடாக மினுங்கும். வெயில் ஏறமுன்னம் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால் எந்தக் கல்லுக்கடியில், எந்த மட்டைக் குவியலில் படுக்கை என்று நேரே கொண்டுபோய்விடும். கனக்கத் தடங்கள் ஒரே இடத்தில் முடிந்தால் அந்தக் குவியலைத்தான் முதலில் கலைக்கவேண்டும்.

தண்ணீர் இறைக்கும் நேரத்தையும் மாற்றுங்கள். பின்னேரம் இறைத்தால் இரவு முழுவதும் மண் ஈரமாக இருக்கும், நத்தை பாத்திக்குள்ளேயே தங்கி அங்கேயே முட்டையும் வைக்கும். காலை 7 மணிக்குப் பிறகு இறைத்தால் இரவாகும்போது மேல்மண் காய்ந்திருக்கும். மாரியில் இதற்குப் பெரிய பலன் இல்லை. மழை ஓய்ந்த தை மாசி மரக்கறித் தோட்டத்தில் பலன் நன்றாகத் தெரியும்.

ஆறுமணிக் குருவிக்கு வேலி நிழலில் ஒரு கருங்கல்லைப் பாதி புதைத்து, தட்டையான பக்கம் மேலே இருக்க வைக்கலாம், ஒரு அடி அகலம் காணும். வைத்தால் வந்து அடிக்கும் என்று உத்தரவாதமில்லை, தனக்குப் பிடித்த வேரையும் சீமெந்து ஓரத்தையும் அது தானே தேடிக்கொள்ளும். செலவில்லாத காரியம், வைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

பலகை புரட்டுவது

வேலியைவிட வேகமாகப் பலன் தருவது இது. ஒரு அடி அகலம், இரண்டு அடி நீளமான பழைய பலகைகள் எடுங்கள். பலகை இல்லாவிட்டால் நாலாக மடித்த நனைந்த சாக்கு. கால் ஏக்கர் வளவுக்கு 8 முதல் 10 வேண்டும். வெறும் மண் கீற்றின் ஓரத்தில், ஒன்றுக்கொன்று 5 அல்லது 6 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். பின்னேரம் 5 மணிக்கு அந்த இடத்து மண்ணை நனைத்து, பப்பாசித் தோலோ கோவா இலையோ ஒரு பிடி போட்டு, பலகையின் ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்குக் கல்லால் தூக்கி மூடுங்கள். விடியலில் ஒதுங்க இடம் தேடும் நத்தைக்கு அது அருகில் கிடைத்த முதல் வீடு.

காலை ஆறே காலுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். கட்டைவிரலின் மேல் மூட்டைவிடப் பெரிய, அதாவது ஏறக்குறைய 3 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட ஆபிரிக்க நத்தை எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் போடுங்கள். மூடி இல்லாத வாளியால் ஐந்து நிமிடத்தில் ஏறி வந்துவிடும். சின்னதுகளைப் புரட்டிய பலகையிலும் மண்ணிலும் அப்படியே விட்டுவிட்டு 15, 20 அடி தள்ளி, முடிந்தால் திண்ணைக்கே போய்விடுங்கள். பக்கத்தில் ஆள் நின்றால் செண்பகம் இறங்காது. நாயைக் கட்டி வையுங்கள். கோழியைக் கூட்டால் திறக்கவேண்டாம், அது முந்திக்கொள்ளும்.

20 நிமிடம் கழித்துத் திரும்பி வந்து மிச்சமிருப்பதைப் பொறுக்கி எடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பறவை தின்னாத குஞ்சு வெயிலுக்குச் சாகும் என்று நினைத்து விட்டால், அது பலகைக்கடியில் திரும்பப் புகுந்துவிடும். நீங்கள் செய்தது பொறி இல்லை, பண்ணை. நாலு நாள் புரட்டாமல் விட்ட பலகை, பலகையே இல்லாததைவிடக் கெடுதல். தொடர்ந்து புரட்ட முடியாத கிழமைகளில் எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் சாத்திவிடுங்கள்.

முதல் சில நாள் பறவை வராமல் இருக்கலாம். நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பதைப் பறவை கவனித்துப் பழகிக்கொள்ளும். வந்ததா என்று பார்க்க மறைந்து நிற்கவேண்டியதில்லை, கைபேசியை ஒரு கல்லில் சாய்த்து 3 மீற்றர் தள்ளி வைத்து வீடியோவை ஓடவிட்டாலே போதும்.

நத்தையை நசுக்கிக் குவித்து வைத்துப் பறவைக்குக் கொடுப்பதைச் சிலர் செய்கிறார்கள். வேண்டாம். அந்தக் குவியலுக்குச் செண்பகத்துக்கு முன்னம் காகமும் எலியும் இலையானும் வரும். நசுங்கிய நத்தைக்குள் முட்டை இருந்தால் அதில் சில தப்பிப் பொரிக்கவும் கூடும்.

பெரியதைப் பொறுக்குவதும் கொல்வதும்

மழை விட்ட இரவில் 8 முதல் 10 மணிவரை நல்ல நேரம். இரண்டு பேர், ரோச் ஒன்று, மூடி வாளி ஒன்று, இறப்பர்க் கையுறை. கையுறை இல்லையென்றால் கையில் தடித்த பொலித்தீன் பை. வெறும் கையால் தொடக்கூடாது என்பதற்குக் காரணம் அருவருப்பு இல்லை. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சு, எலிப் புழுக்கை வழியாக இந்த நத்தைக்குள் வரும். அது மனிதருக்குள் போனால் மூளையுறையில் அழற்சியை உண்டாக்கும்: கடும் தலையிடி, கழுத்து விறைப்பு. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நத்தையைத் தின்பதாலும், குஞ்சு நத்தை ஒட்டிய கீரையைக் கழுவாமல் சாப்பிடுவதாலும்தான் பெரும்பாலும் தொற்றும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நத்தை உலாவும் தோட்டத்து வல்லாரையையும் பொன்னாங்காணியையும் இலை இலையாகப் பிரித்துக் கழுவுங்கள், சம்பலுக்கென்றால் இன்னும் கவனம். கோதோடு விளையாடப் பிள்ளைகளை விடவேண்டாம்.

கொல்வதற்குக் கொதி தண்ணீர்தான் முதல் தெரிவு. பழைய கிடாரத்தில் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, நத்தையை உள்ளே கொட்டி 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு கிணற்றுக்குத் தள்ளி 2 அடி ஆழக் கிடங்கில் கோதை மண்வெட்டியால் நொறுக்கிப் போட்டு, மேலே சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ தூவி மண்ணால் மூடுங்கள். நொறுக்காத கோது மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து நுளம்புக்குத் தொட்டியாகும்.

விறகு இல்லாத இடத்தில் உப்புத் தண்ணீர்: 5 லீற்றருக்கு 1 கிலோ உப்பைக் கரைத்து, நத்தையைப் போட்டு இரவு முழுக்க மூடி வைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பாத்தியிலோ தென்னையடியிலோ ஊற்றினால் நத்தை செய்த நட்டத்தைவிட அது பெரிது. பாத்தியைச் சுற்றி உப்புக் கோடு போடுவதும் இதே முட்டாள்தனம்: முதல் மழைக்குக் கரைந்து வேருக்குப் போகும். உமிச்சாம்பல் கோடு பரவாயில்லை, ஒரு சாண் அகலம் வேண்டும், காய்ந்திருக்கும்வரைதான் வேலை செய்யும்.

முட்டையைத் தேடுங்கள். வாழைப் புதரடி, பாத்தி ஓரத்து இளகிய மண், சாணிக் குவியலின் அடி. மேல்மண்ணிலிருந்து ஒன்றிரண்டு அங்குலத்துக்குள் இருக்கும். மிளகைவிடச் சற்றுப் பெரிய, வெளிர் மஞ்சள் உருண்டைகள், கொத்தாக. ஓரிரு கிழமைக்குள் பொரித்துவிடும், அள்ளிக் கொதி தண்ணீரில் போடுங்கள். ஒரு கொத்து முட்டையை எடுப்பது நூறு குஞ்சைத் துரத்துவதற்குச் சமம்.

இந்த வேலைக்கெல்லாம் நல்ல மாதம் மாரி இல்லை, ஆவணி புரட்டாதி. கச்சான் காற்றில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது பெரிய நத்தை எல்லாம் வாயை அடைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி உறங்கும். செங்கல் அடுக்கு, உடைந்த ஓட்டுக் குவியல், மடித்துப் போட்ட தறப்பாள், காய்ந்த வாழைச் சருகு, பாவிக்காத கிணற்றின் உட்சுவர். மழைக்கு முன்னம் எடுக்கும் ஒவ்வொன்றும் ஐப்பசியில் முட்டையிட இருந்த ஒன்று.

நஞ்சு வைத்தால் பறவைக்கு என்ன ஆகும்

கடையில் கிடைக்கும் நத்தை மருந்துக் குளிசைகளில் பெரும்பாலும் இருப்பது மெற்றல்டிகைட். தானியத்தில் பிசைந்து செய்தது, ஆகவே தரையில் கொத்தும் பறவையும் கோழியும் நாயும் நேரடியாகத் தின்னும். அதைவிட மோசமானது மற்ற வழி. மருந்தைத் தின்ற நத்தை திரும்பப் பதுங்க முடியாமல், சளியைக் கக்கிக்கொண்டு, விடிந்தபிறகும் வெட்டவெளியில் கிடக்கும். நீங்கள் செண்பகத்துக்காக ஒதுக்கிய அந்த மூன்றடி மண்ணில். பறவையும் நஞ்சும் ஒரே வளவில் சரிவராது, ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். பக்கத்து வளவில் மருந்து போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் குறைந்தது இரண்டு கிழமைக்குப் பலகையில் குஞ்சை விடாமல் எல்லாவற்றையும் நீங்களே பொறுக்குங்கள்.

வேறு ஊரிலிருந்து நத்தைக்கு எதிரி ஒன்றைக் கொண்டுவரும் யோசனையும் அவ்வப்போது எழும். பசிபிக்கில் மூரேயா தீவில் ஆபிரிக்க நத்தையை ஒழிக்க 1977இல் இன்னொரு வேட்டை நத்தையை விட்டார்கள். பத்து வருடத்துக்குள் அந்தத் தீவுக்கே உரிய மர நத்தைகள் காட்டில் இல்லாமல் போயின. ஆபிரிக்க நத்தை போகவில்லை.

கோது சொல்லும் சாட்சி

பறவை உண்மையில் தின்கிறதா என்பதை வெறும் கோதைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். கிழமைக்கு ஒருதரம் வளவிலுள்ள கோதெல்லாம் பொறுக்கி ஒரு சாக்கில் கொட்டிப் பிரியுங்கள்.

பெரிய சுற்றின் பக்கத்தில் ஓட்டை, விளிம்பு ஒழுங்கில்லாமல் பிய்ந்து, வேலியோரத்திலோ வெட்டவெளியிலோ தனியாகக் கிடந்தால் அலகின் வேலை. ஒரு கல்லையோ வேரையோ சுற்றி நாலைந்து நத்தையின் சில்லுகள் கலந்து, கூர் நுனிகள் மட்டும் முழுதாகக் கிடந்தால் ஏதோ ஒன்று அதை அடிகல்லாகப் பாவிக்கிறது. அந்தக் கல்லை இடம் மாற்றாதீர்கள். மறைவான இடத்தில், விறகுக்கடியில், ஒரே இடத்தில் கும்பலாகக் கோது இருந்தால் எலி. விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் உளியால் சீவியதுபோல இரண்டிரண்டாகப் பல் வரி தெரியும். எலி தின்பதில் சந்தோசப்பட எதுவும் இல்லை, மேலே சொன்ன புழு சுற்றுவதே எலிக்கும் நத்தைக்கும் இடையில்தான்.

உடையாத வெறும் கோது பறவைக் கணக்கில் சேராது. வறட்சியில் செத்திருக்கும், அல்லது மின்மினிப் புழு தின்றிருக்கும், அல்லது எங்கோ மருந்து. அப்படி முழுக் கோது ஒரே கிழமையில் பத்து இருபது என்று வந்தால் அயலில் விசாரியுங்கள். சுண்ணாம்புபோல வெளுத்தது பழையது, எண்ணவேண்டாம். எண்ணியதையெல்லாம் அகற்றிவிடுங்கள், அல்லது அடுத்த கிழமையும் அதையே எண்ணுவீர்கள்.

கொப்பியில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: திகதி, இரவு மழை பெய்ததா, பலகைக்கடியில் பெரியது எத்தனை, சின்னது எத்தனை, 20 நிமிடத்துக்குப் பின் சின்னது எத்தனை மிச்சம். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பறவையின் பங்கு இருக்கிறது. ஊர்ந்து தப்பியதும் அதற்குள் கலந்திருக்கும் என்பதால், பலகையைச் சுற்றி ஓரடிக்குள் தேடியபிறகு எழுதுங்கள். மழை நாளை மழை நாளோடுதான் ஒப்பிடவேண்டும். காய்ந்த இரவில் எண்ணிக்கை விழுந்தால் நத்தை குறைந்ததாக அர்த்தமில்லை, வெளியே வரவில்லை, அவ்வளவுதான். பெரியது குறைந்து சின்னது குறையாமலே இருந்தால் எங்கோ முட்டைக் கிடங்கு ஒன்று தப்பியிருக்கிறது.

வயலிலும் குளத்திலும்

வயலில் கதை வேறு. கட்டுக்கரைக் குளத்தையும் இரணைமடுவையும் சுற்றிய வயல்களில் நிற்கும் நத்தைகுத்தி நாரையின் உணவு பெரும்பாலும் வயல் நத்தை, அது ஊர் இனம். வளர்ந்த நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் இடைவெளி இருக்கும், குஞ்சுக்கு இராது. ஆனால் அது பாக்குவெட்டிபோல நத்தையை நெரிப்பதில்லை. கீழ் அலகின் கூரான நுனியை மூடியின் ஓரத்தால் செலுத்தி, சதையைக் கோதோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து உருவி எடுக்கும்.

தென்னமெரிக்காவின் தங்க அப்பிள் நத்தை தாய்லாந்து வயல்களில் பரவியபோது இதே நாரை அதையும் தின்று பெருகி, மேக்கொங் நாடுகளுக்கெல்லாம் பரவியது. பறவைக்கு அது யோகம். வயலில் நத்தை அழிந்ததா என்றால் இல்லை. அந்தக் குடும்பத்து நத்தைகள் இலங்கைக்கு மீன் தொட்டி வியாபாரத்தோடு வந்திருக்கின்றன. ஆகவே வாய்க்கால் கட்டிலோ நெல் தாளிலோ, நீர்மட்டத்துக்கு மேலே, இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக முட்டை கண்டால் கமநல சேவை நிலையத்துக்கோ விவசாயப் போதனாசிரியருக்கோ படத்தோடு சொல்லுங்கள். ஊர் வயல் நத்தையின் முட்டை வெள்ளை, ஈர மண்ணுக்குள் இருக்கும். தங்க அப்பிள் நத்தையின் சிவப்பு முட்டையில் நஞ்சு உண்டு, பறவைகள் அதை அனேகமாகத் தொடாது. அது முழுக்க மனிதக் கைக்குரிய வேலை: தண்ணீருக்குள் தட்டிவிட்டாலே பெரும்பாலானவை பொரிக்காது, நசுக்கிவிட்டால் இன்னும் நிச்சயம்.

புதிதாக வராமல் பார்ப்பது

வளவைத் துப்புரவாக்கிய அடுத்த மாதம் திரும்ப நத்தை வந்தால், அது ஊர்ந்து வந்ததைவிட ஏறி வந்திருக்கவே சாத்தியம் அதிகம். வாழைக்குட்டி, பூச்சாடி, சாணி, வயல் மண், பழைய செங்கல், நாற்றுமேடை மண், உழவு இயந்திரத்தின் பெட்டியடியில் ஒட்டிய சேறு. வாழைக்குட்டியின் கிழங்கைச் சுற்றிய மண்ணை வாங்கிய இடத்திலேயே உதிர்த்து, காய்ந்த மடலை உரித்துப் பாருங்கள். லோட்டாக வரும் சாணியையும் மண்ணையும் வேலியோரத்தில் கொட்டவிடாமல் வளவின் நடுவில், நாலு பக்கமும் வெறும் மண்ணாக உள்ள இடத்தில் கொட்டச் சொல்லுங்கள். மூன்று கிழமைக்கு அதைச் சுற்றி நாலு பலகை வைத்துப் புரட்டினால் உள்ளே முட்டை இருந்ததா என்று தெரிந்துவிடும். அதுவரை அதிலிருந்து ஒரு கூடைகூடப் பாத்திக்குப் போகவேண்டாம்.